மஞ்சள் ரிப்பன் கட்டிய பாட்டில்கள்

ஜெரோப்: தேனை வெந்நீர்லதான் கரைக்கணும்க்கா. பச்சத் தண்ணியில ஊத்தினா அடியில போய் உக்காந்துக்கும். முதல் வாய் வெறும் தண்ணி, கடைசி வாய் பாகு.

செலிமோ: கரைக்கிறத ஒரு எடத்துல நின்னு கரைடி. கரண்டியும் கையுமா ரூம் முழுக்க நடந்துகிட்டு இருக்க.

ஜெரோப்: காலு நிக்க மாட்டேங்குது.

செலிமோ: நாளைக்கு மாரத்தான் ஓடப் போறது நான். உன் காலுக்கு என்ன வந்துச்சு?

ஜெரோப்: நானுந்தான் ஓடறேன்.

செலிமோ: நீ முப்பது கிலோமீட்டர். எனக்கு முன்னாடி ஓடி வேகம் போட்டுக் குடுக்கற முயலு. முப்பதுல முயலு ஓரங்கட்டிடும், மீதிப் பன்னெண்டும் என் பாடு.

ஜெரோப்: ...ம்.

செலிமோ: என்ன ம்?

ஜெரோப்: உப்பு அளக்கறேன். பேச்சுக் குடுக்காத. இந்தா, ருசி பாரு.

செலிமோ: ச்சீ... எங்கப்பா மாட்டுக்கு வைப்பாரே, அந்தத் தண்ணி மாதிரி இருக்கு.

ஜெரோப்: இது நம்ம இட்டேன் மலை இல்லக்கா, மொம்பாசா. அங்க வேர்த்த உடனே காத்து வந்து துடைச்சிட்டுப் போயிடும், உடம்பு குளுந்துடும். இங்க காத்தே ஈரம். வேர்வை காயாம சும்மா ஊத்துது, சூடு உள்ளயே நிக்குது. நேத்து ஒரு மணி நேரம் மெதுவா ஓடிட்டுத் தராசுல ஏறினேன். ஒன்றரை கிலோ காணோம்.

செலிமோ: நாங்க ஓட வந்தப்ப எவ குடிச்சா? ஓடறப்ப தண்ணி குடிச்சா வயித்துல குலுங்கும்னு கோச் பாட்டிலத் தொடவே விட மாட்டாரு.

ஜெரோப்: அதான் முதல் மாரத்தான்ல முப்பத்தெட்டுல விழுந்த.

செலிமோ: ஞாபகப்படுத்து. இன்னிக்கு அது ரொம்ப அவசியம்.

ஜெரோப்: போன வருஷம் இருபத்தஞ்சுல வயித்தப் பிடிச்சியே, அது எதனால? நீயே கலக்கின பாகு. அவ்வளவு இனிப்பா இருந்தா வயிறு கீழ விடாதுக்கா. உடம்புக்குத் தண்ணி குடுக்கறதுக்குப் பதிலா, உடம்புல இருக்கற தண்ணிய அது இழுத்துக்கும்.

செலிமோ: அந்தப் பாகக் குடிச்சுட்டுத்தான் ரெண்டாவதா வந்தேன்.

ஜெரோப்: குடிக்கலன்னா முதல்ல வந்திருப்ப. சரி, உன் பெட்டியக் குடு. எட்டு பாட்டிலும் நானே ஊத்திடறேன்.

செலிமோ: வேணாம். நான் காலையிலயே ஊத்தி வச்சுட்டேன்.

ஜெரோப்: நீயா? என்னத்த ஊத்தின?

செலிமோ: நீ சொன்ன கணக்குதான். பெட்டிக்கு டேப் போட்டு ஒட்டியாச்சு. அதத் தொடாத.

ஜெரோப்: திறந்து ஒரு தடவ பாத்துட்டு...

செலிமோ: தொடாதன்னேன்ல.

ஜெரோப்: சரி சரி, கத்தாத. ...சிவப்பு ரிப்பன் கட்டினியா? அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு மேஜை, ஒவ்வொண்ணுலயும் எல்லாரோடதும் சேர்ந்து இருபது பாட்டில் நிக்கும். ரிப்பன் இல்லன்னா அடுத்தவ பாட்டிலத் தூக்கிட்டுப் போயிடுவ.

செலிமோ: கட்டியாச்சு தாயே.

ஜெரோப்: என் மஞ்ச ரிப்பன்தான் கொறையுது. ரெண்டு முழம் இருந்துச்சு, பாதியக் காணோம்.

செலிமோ: எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

ஜெரோப்: ரிப்பன் கட்டிக்கிற எலியா?

செலிமோ: மொம்பாசா எலி, அலங்காரம் பண்ணிக்கும். மணி என்ன?

ஜெரோப்: நாலேகால். அஞ்சு மணிக்குள்ள பெட்டிய போட்டி நடத்தறவங்க கிட்ட ஒப்படைக்கணும். வேன் வந்தா நானே ரெண்டையும் கொண்டு போறேன். நீ காலை நீட்டிப் படு.

செலிமோ: எதுக்கு? நான் கொண்டு போறேன். நீ படு.

ஜெரோப்: ஓடப் போறவ படுக்கணும்க்கா.

செலிமோ: ஓடப் போறவ சொல்றா, நீ படு.

ஜெரோப்: ஒரு பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு பிடிவாதம்?

செலிமோ: அதையேதான் நான் உன்னக் கேக்கறேன்.

ஜெரோப்: ...ஏன்க்கா நொண்டற?

செலிமோ: யாரு நொண்டினா? உக்காந்தே கெடந்தேன், மரத்துப் போச்சு.

ஜெரோப்: உடம்பு நல்லாத்தானே இருக்கு? போன மாசம் டோர்கஸுக்கு ஜுரம்னு அவ ஓடலன்னதும், அவ முயலையும் சேர்த்து அன்னிக்கே ஊருக்கு பஸ் ஏத்தி விட்டாங்க. அந்தப் பொண்ணு பஸ்ஸ்டாண்டுலேர்ந்து எனக்கு போன் பண்ணி அழுதா.

செலிமோ: தெரியும். நல்லாத்தான் இருக்கேன். ஜன்னலத் திற, புழுங்குது.

ஜெரோப்: திறந்துதான் இருக்கு.

ஸுஹுரா: உள்ள வரலாமா பொண்ணுங்களா?

செலிமோ: வாங்க ஸுஹுராக்கா. உங்க விடுதி, உங்க ரூம், எங்களக் கேக்கறீங்க.

ஸுஹுரா: இல்ல, கையில இதப் பிடிச்சுக்கிட்டு... நீ மறுபடியும் ஐஸ் கேட்டியேன்னு ஃப்ரீசரத் திறந்தேன். என் புளித்தண்ணி ஐஸ் பாக்கெட்டுக்கு நடுவுல இது வெடிச்சுக் கெடக்குது. நாளைக்குப் பள்ளிக்கூடத்து வாசல்ல விக்கறதுக்கு வச்சிருந்தேன், நாப்பது பாக்கெட்டும் தேன் பிசுபிசுப்பு.

ஜெரோப்: அய்யோ...

ஸுஹுரா: யாரு வேலை இது? மூடி வரைக்கும் ஊத்தினா வெடிக்காம என்ன செய்யும்? தண்ணி உறைஞ்சா வீங்கும்மா. ஒரு விரல் இடம் விட்டு ஊத்தணும். எங்க தெருவுல ஆறு வயசுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜெரோப்: எங்க ஊர்ல ஃப்ரீசர் ஏதுக்கா... ஓடைத் தண்ணியே பல்லு கூசும். மன்னிச்சுக்கங்க, நான் வந்து எல்லாத்தையும் கழுவித் தரேன். அதக் குடுங்க...

செலிமோ: இரு. இங்க குடுங்க ஸுஹுராக்கா, பாப்போம். ...மஞ்ச ரிப்பன்.

ஸுஹுரா: இன்னொண்ணும் உள்ள இருக்கு. அது வெடிக்கல. அதுலயும் மஞ்ச ரிப்பன்.

ஜெரோப்: மறுபடியும் ஐஸ்ஸுன்னாங்களே, உனக்கு எதுக்குக்கா ஐஸ்?

செலிமோ: தலைக்கு. பேச்ச மாத்தாத.

ஸுஹுரா: ஓ... தலைக்கா. ...சரி, நான் போய் பாக்கெட்டக் கழுவறேன். வேன் வந்தா கூப்பிடறேன்.

செலிமோ: கதவச் சாத்திட்டுப் போங்க. ...இதுல என்ன எழுதியிருக்கு, படி.

ஜெரோப்: விடுக்கா.

செலிமோ: படிடி.

ஜெரோப்: முப்பத்தஞ்சு.

செலிமோ: ஃப்ரீசர்ல இருக்கறதுல?

ஜெரோப்: ...நாப்பது.

செலிமோ: முப்பதுல நிக்கப் போறவளுக்கு முப்பத்தஞ்சாவது கிலோமீட்டர்ல என்ன தாகம்?

ஜெரோப்: உனக்குத்தான்க்கா. கூடுதலா இருக்கட்டும்னு... அந்த மேஜைக்கு நீ வரும்போது வெயில் ஏறிடும், அதான் உறைய வச்சு...

செலிமோ: எனக்குன்னா சிவப்புல்ல கட்டியிருப்ப? முகத்தப் பாத்துச் சொல்லு.

ஜெரோப்: நிக்கப் போறதில்லக்கா.

செலிமோ: சரியா கேக்கல.

ஜெரோப்: முப்பதுல நிக்கப் போறதில்ல. கடைசி வரைக்கும் ஓடப் போறேன். போதுமா?

செலிமோ: என்னயத் தாண்டி?

ஜெரோப்: முடிஞ்சா. ஆமா.

செலிமோ: அஞ்சு வருஷமா ஒரே சட்டியில உகாலிக் களி தின்னோம். என் கிட்டயே மறைச்சிருக்க.

ஜெரோப்: சொன்னா என்ன சொல்லியிருப்ப? நீ சரின்னாலும் உன் மேனேஜர் விடுவாரா? ஆறு வருஷமா முயலு. டிவியில பாத்துட்டு எங்கம்மா ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கேப்பா. முன்னாடிதானே போய்க்கிட்டிருந்த, ஏன் திடீர்னு நின்னுட்ட, வயித்து வலியான்னு. இதுதான்மா வேலைன்னு எத்தன தடவ சொன்னாலும் புரியல. முப்பது கிலோமீட்டர் ஓடினவ பேரு எந்தப் பட்டியல்லயும் வராதுக்கா. ஒரு தடவ முடிச்சு, பேருக்கு நேரா ஒரு நேரம் இருந்தாத்தான் அடுத்த வருஷம் யாராச்சும் என்னைய எனக்காகக் கூப்பிடுவாங்க.

செலிமோ: முயலு கூலி போயிடும், தெரியும்ல?

ஜெரோப்: போகட்டும்.

செலிமோ: மேனேஜர் மறுபடி உன் மூஞ்சியில முழிக்க மாட்டாரு.

ஜெரோப்: தெரியும். ...நீயும் முழிக்க மாட்டியோன்னுதான் நாலு நாளாத் தூக்கம் வரல.

செலிமோ: அதான் ராத்திரியெல்லாம் கட்டில் கிறீச் கிறீச்சுங்குதா?

ஜெரோப்: கிண்டல் பண்ணாத. திட்டு.

செலிமோ: எப்ப முடிவு பண்ணின?

ஜெரோப்: போன மாசம், பயிற்சியில முப்பத்தெட்டு கிலோமீட்டர் ஓடினோமே, அன்னிக்கு. கடைசி எட்டுல உனக்காக வேகத்தக் கொறைச்சேன். நீ கவனிக்கலன்னு நினைச்சேன்.

செலிமோ: கவனிச்சேன்.

ஜெரோப்: ...கவனிச்சியா?

செலிமோ: உன் மூச்சுச் சத்தமே கேக்கல. நான் எருமை மாதிரி இரைச்சுக்கிட்டு வரேன், நீ என்னடான்னா ரோட்டோரத்துல ஆடு மேய்க்கறவளோட பேசிக்கிட்டு வர. கவனிக்காம?

ஜெரோப்: அப்பவே கேட்டிருக்கலாம்ல.

செலிமோ: அப்பவே நீ சொல்லியிருக்கலாம்ல.

ஸுஹுரா: வேன் வந்துடுச்சு பொண்ணுங்களா! அஞ்சு நிமிஷம்தான் நிப்பானாம்!

ஜெரோப்: வேணாம்க்கா. நாப்பதுன்னு எழுதின அந்த பாட்டிலையும் கீழ ஊத்திடறேன். முப்பதுல நின்னுடறேன். என் பெட்டியில ஆறே ஆறுதான் இருக்கு, அப்படியே குடுத்துடு. நான் ஒண்ணும் சொல்லல, நீயும் ஒண்ணும் கேக்கல.

செலிமோ: அழாத. இருக்கற உப்பு நாளைக்கு வேணும்.

ஜெரோப்: உனக்கு எல்லாமே விளையாட்டு.

செலிமோ: இந்தா கத்தரிக்கோல். என் பெட்டி டேப்ப வெட்டு.

ஜெரோப்: தொடாதன்ன?

செலிமோ: இப்ப தொடுன்னு சொல்றேன்.

ஜெரோப்: எதுக்கு இப்ப... வேன்காரன் ஹாரன் அடிக்கறான்க்கா.

செலிமோ: அடிக்கட்டும். திற. எண்ணு.

ஜெரோப்: அஞ்சு, பத்து, பதினஞ்சு... இருபது, இருபத்தஞ்சு, முப்பது. எல்லாம் சிவப்பு. முப்பத்தஞ்சு... அக்கா, இது மஞ்ச ரிப்பன். நாப்பதும் மஞ்ச. இது என் ரிப்பன். ...உன்னோட முப்பத்தஞ்சும் நாப்பதும் எங்க?

செலிமோ: எனக்கு எதுக்குடி அது? என் குதிகால் முப்பதுக்கு மேல தாங்காது. இங்க வந்து இறங்கின அன்னிக்கே தெரியும். வாயத் திறந்தா உன்னையும் சேர்த்து பஸ் ஏத்திடுவாங்கன்னுதான் பல்லக் கடிச்சுக்கிட்டு ஐஸ் வச்சுக்கிட்டிருக்கேன். முப்பதாவது கிலோமீட்டர் மேஜையத் தாண்டினதும் உன் முதுகுல ஒரு தட்டு தட்டி, போடின்னு சொல்றதா இருந்தேன்... அது ரெண்டுலயும் தேன் அடியிலதான் கெடக்கும், வெந்நீர்ல கரைக்கணும்னு எனக்கு யாரு சொன்னா, நல்லாக் குலுக்கிட்டுக் குடி.