ஸ்வெட்டர் போட்ட கள்ளி

தெற்கு ஆக்லாந்துத் தமிழ்க் கள்ளி வளர்ப்போர் மன்றத்தின் தலைவர் என்ற முறையில், பூமியில் முதல் முள் முளைத்த நாள் தொட்டு எவரும் வெளியிடத் துணியாத அறிவிப்பொன்றை இதன் மூலம் வெளியிடுகிறேன்: கள்ளி வளர்ப்பது மனதுக்கு அமைதி தரும்.

எனக்குத் தந்ததில்லை. மன்றம் என்றால் எங்கள் பகுதியான பாபடோயிட்டோயில் யாராவது ஒருவர் வீட்டு கராஜ், ஏழெட்டுப் பேர், ஒரு தட்டு வடை. போன வருடம் வரை குமாரசாமிதான் தலைவர். அவர் பேசுவார், நாங்கள் கேட்போம். நான் வாயைத் திறந்தால், "சரத், நீ டீயைக் கவனி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். பிறகு அவர் மாரடைப்பில் போனார். காரியத்தன்றும் டீயை என் பொறுப்பில்தான் விட்டார்கள்.

அவர் மனைவி அம்புஜம் அக்கா, மகள் ஸ்ருதியோடு இருக்க, நியூசிலாந்தின் தெற்குத் தீவிலுள்ள அலெக்சாண்ட்ராவுக்குக் கிளம்பினார். குளிர்காலத்தில் வாளித் தண்ணீர் கல்லாகிற ஊர். காரில் பாதிச் செடிகளுக்குத்தான் இடம். எதை எடுத்துப்போவது என்று என்னைக் கேட்டார்.

"அவர் கையால வச்சது தம்பி. ஒண்ணாவது அங்க பிழைக்கணும்."

எது பிழைக்கும் என்று நான் படித்து வைத்திருந்தேன். குளிர்நாட்டுச் சப்பாத்திக்கள்ளி உறைபனி வருமுன் தன் உடம்புத் தண்ணீரை வற்றவைத்து, சுருங்கித் தரையோடு படுத்துவிடும். பனி போனதும் எழுந்து நிற்கும். குமாரசாமி வைத்தது அப்போதே சுருங்கத் தொடங்கியிருந்தது.

"இதுவா? நம்ம ஊர்ல ரோட்டோரம் வெயில்ல கெடக்கறது அக்கா. இப்பவே சீக்கு வந்துடுச்சு பாருங்க" என்றேன். வெள்ளை முடி போர்த்திய உயரமான கள்ளிகளைக் காட்டி, "இது ஸ்வெட்டர் போட்டே பொறந்திருக்கு. தைரியமா வெளியிலயே நட்டு வைங்க" என்றேன். அக்கா சிரித்தார். கணவர் போனபின் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் மனசு நல்ல மனசு என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

'சீக்கு' வந்த மீதிப் பாதியை என் வீட்டுக்கு ஏற்றி வந்தேன். திட்டம் முறையானது. அங்கே எல்லாம் சாகும். வசந்தத்தில் நான் சப்பாத்திக்கள்ளியோடு போய் இறங்குவேன். அவரைவிட சரத்துக்குத்தான் விவரம் அதிகம் என்று அக்கா மன்றத்துக்கு ஒரு ஃபோன் போடுவார். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஜூலையில், இங்கே நடுக்குளிர்காலத்தில், அக்கா எனக்கு ஃபோன் செய்தார். எல்லாம் கறுத்து, தொட்டால் கூழாக வருகிறதாம். ஸ்ருதி தூக்கிப் போடச் சொல்கிறாளாம். இவருக்குக் கை வரவில்லையாம்.

"நீங்க பார்த்துப் பார்த்துப் பொறுக்கிக் குடுத்தீங்க. நான்தான் சாகடிச்சுட்டேன். மன்னிச்சுடுங்க தம்பி."

மன்னித்தேன். உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அவர் அழுதுகொண்டிருந்தார், அழுகிறவரிடம் குறுக்கே பேசுவது மரியாதையல்ல.

என்னிடமிருந்தவை சுருங்கிக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. தினமும் தண்ணீர் விட்டேன். ஆக்லாந்து மழையும் தன் பங்குக்கு விட்டது. பனியைத் தாங்குகிற கள்ளி ஈரத்தைத் தாங்காதாம். குமாரசாமி ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வாராம். என் காதில் ஏறியதில்லை. ஆகஸ்டில் அவையும் அழுகின. ஆக, அவர் வைத்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தனையையும் கொன்றது நான்தான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை; தாங்கமாட்டார்.

செப்டம்பரில் மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. தலைவர் பதவிக்கு என்னைத் தவிர யாரும் பெயர் கொடுக்கவில்லை.