அமுங்கிப்போன இரண்டு பக்கம்

தக்கலையில் பஸ் கிளம்பியதும், முன் இருக்கையிலிருந்த கண் தெரியாத டீச்சர் பக்கத்தில் கையால் துழாவிவிட்டுச் சொன்னார்: “அண்ணாச்சி, எழுத்துமேல இருக்காதீங்க. அமுங்கிப் போவும்.”

அருகிலிருந்த வாழைக்குலை வியாபாரி தன் அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை உருவித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீச்சருக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அவர் கணவரிடம், “ஒண்ணும் எழுதல்லியே வே. வெறுந்தாளுக்கா இந்தப் பாடு?” என்றார்.

“எங்கிட்டக் கேளுங்க. புள்ளி புள்ளியாக் குத்தியிருக்கு, விரலால வாசிப்பேன். இண்ணைக்கு நாகர்கோவில்ல திவானுக்க ஆளுக முன்ன பேசணும்.”

“இவ என்னவே பேசுவா?” கேள்வி கணவருக்குத்தான்.

“கண்ணு தெரியாத பிள்ளையளுக்கு இங்கயும் ஒரு பள்ளிக்கூடம் வேணும்ணு பேசுவேன். அதையும் எங்கிட்டயே கேக்கலாம்.”

“பாவம். அதுகளுக்கு மூணு நேரம் கஞ்சி குடுத்தாப் போராதா வே? படிச்சு என்ன செய்யப் போவுது?”

டீச்சர் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தடவினார். “நடுவில ரெண்டு பக்கம் போச்சு.”

“அடடா. இனி என்ன செய்வா?” அதுவும் கணவரிடம்தான்.

“அந்த எடத்தில, நீங்க இப்பம் சொன்னத அப்படியே சொல்லுவேன், அண்ணாச்சி. ரெண்டு பக்கத்துக்கு அது போரும்.”