வளைத்தும் பிளக்காத பற்று: பாய்லர் வெல்டர் ரேணுகாம்பாள் அவர்களுக்குப் பட்டறைத் தோழர்கள் படைக்கும் மடல்

அண்ணாமலை அடிவாரத்தில் அனலை ஆண்டவரே! இரும்பின் இயல்பை விரல் நுனியில் உணர்ந்தவரே! பேச்சில் பணிவும் பணியில் பிடிவாதமும் கொண்டு, பாய்லர் வெல்டர் என்னும் பெயரைத் தம் கையாலேயே வென்றெடுத்த எங்கள் அருமை அக்கா, திருமதி ரேணுகாம்பாள் அவர்களே! வணக்கம்.

இன்னும் இரண்டு வரி இப்படியே நீட்டினால், "போதும்பா, நிறுத்துங்க, வேலை கெடக்குது" என்று நீங்கள் எழுந்துவிடுவீர்கள் என்பது இந்தப் பாராட்டு விழாப் பந்தலில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே எதிரில் அமர்ந்திருப்பவரைப் புகழாமல், ரேணுகாம்பாள் என்ற ஒருவருக்கு நடந்ததைச் சொல்லப்போகிறோம். உங்கள் வீட்டாரும், பட்டறைக்குப் புதிதாக வந்தவர்களும் கேட்கட்டும்.

அரிசி ஆலைகளுக்கு நெல் அவிக்கும் பாய்லர்கள் செய்கிற இந்தப் பட்டறைக்கு ரேணுகாம்பாள் வந்தது துரு தேய்க்கும் வேலைக்கு. கீழ்பென்னாத்தூர் பக்கம் கணவர் சின்னசாமி நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை ஒரு வருடம் மழையில்லாமல் காய்ந்துபோக, குடும்பத்தைத் தாங்க பஸ் ஏறி வந்தார். தகடு தேய்த்தவர், ஆள் வராத ஒரு நாளில் வெல்டிங் ஹோல்டரைப் பிடித்தார். பிறகு அதைக் கீழே வைக்கவில்லை. புகைபோக்கியோ, ஏணியோ, தண்ணீர்த் தொட்டியோ, எதைக் கொடுத்தாலும் பார்த்தவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி செய்து முடிப்பார். ஆனால் வருகைப் பதிவில் அவர் பெயருக்கு நேரே இருந்த சொல் 'ஹெல்பர்'. ஆவியின் அழுத்தம் முழுவதையும் தாங்கும் பாய்லர் உருளையை அவர் தொட முடியாது. தேர்வெழுதிச் சான்று பெற்ற வெல்டர்தான் அதில் பற்றவைக்கலாம் என்பது விதி. அந்த வேலையைச் செய்துவந்தவர் சக்கரவர்த்தி.

சக்கரவர்த்தி மஸ்கட்டுக்குப் போய்விட்டார். கீழ்பென்னாத்தூர் ஆலை ஒன்றுக்குச் செய்யவேண்டிய பாய்லர் பாதியில் நின்றது. சம்பா அறுப்பு நெருங்க நெருங்க, ஆலைக்காரர் வேணு தினமும் போன் போட்டுக் கத்தினார். அப்போதுதான் பக்கத்து வேங்கிக்காலில் உள்ள தேர்வு மையத்தில், பள்ளியில் படிக்காமல் வேலையிலேயே கற்றுக்கொண்டவர்களின் திறமையையும் சோதித்து வெல்டர் சான்று தருகிறார்கள் என்ற செய்தி வந்தது. முதலாளி புகழேந்தி கேட்பதற்கு முன்பே ரேணுகாம்பாள் அவர் மேசைமுன் நின்றார்.

"நான் எழுதறேன் சார். ஹெல்பர்னு எத்தினி நாளு போறது?"

போனார். வாய்மொழிக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொன்னார். கனமான இரண்டு தகடுகளைக் கொடுத்து இணைக்கச் சொன்னார்கள். இணைத்தார். மேலே பார்த்தால் அந்தப் பற்று கோத்துவைத்த மல்லிகைச் சரம்போல ஒரே சீராக இருந்தது. உடன் தேர்வுக்கு வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். ரேணுகாம்பாளுக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. பிறகு அந்தத் தகட்டிலிருந்து ஒரு பட்டையை அறுத்து, வளைக்கும் எந்திரத்தில் வைத்தார் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர். பாதி வளைவதற்குள் அடிப்பக்கம் வாய் பிளந்தது.

"மேல அழகா இருக்குதும்மா. அடியில புடிக்கல. நான் பாஸ் போட முடியாது," என்றார் அவர். குரலில் ஏளனமில்லை.

ரேணுகாம்பாள் வாதாடவில்லை. அந்தப் பிளந்த பட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆட்டோவுக்குக் காத்திராமல் வெயிலில் நடந்தே பட்டறைக்கு வந்தார். "வழியெல்லாம் எனக்கு அழுகை வருமா வராதான்னே தெரியல" என்று பின்னொரு நாள் எங்களிடம் சொன்னார். உள்ளே நுழைந்ததும் பட்டையைப் பையில் ஒளிக்கவில்லை. எல்லோரும் பார்க்கும்படி வேலைமேசையின் நடுவில் வைத்தார். "ஃபெயிலு. பாத்துக்கோங்க, இப்பிடித்தான் பிளந்துச்சு."

அன்று மாலையே இடைத்தரகர் ஒருவர் முதலாளியைத் தேடி வந்தார். தேர்வு எதுவும் வேண்டாம், வேறெங்கோ எழுதித் தேறியதுபோல ஒரு சான்று இரண்டே நாளில் கைக்கு வரும் என்றார். ஆலை ஆர்டர் கைநழுவினால் பட்டறைக்கே ஆபத்து என்றிருந்த நேரம் அது. முதலாளி நல்லவர்தான், ஆனாலும் தடுமாறினார். ரேணுகாம்பாளைக் கூப்பிட்டு, "உங்க வேலை எனக்குத் தெரியும்மா. பேப்பர் ஒண்ணுதானே கம்மி" என்றார்.

ரேணுகாம்பாள் பிளந்த பட்டையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தார்.

"என் வேலை எனக்கே இன்னிக்குத்தான் சார் தெரிஞ்சுது. இந்த ஜாயிண்ட்ட நானும் நல்லா இருக்குன்னுதான் நெனச்சேன். பொய்ப் பேப்பரு வெடிக்காது, பாய்லரு வெடிக்கும். அந்த மில்லுல நெல்லு காயவெக்கிற பொம்பளைங்க எல்லாம் எங்க ஊரு பக்கம். நான் மாட்டேன்."

முதலாளி சற்று நேரம் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இடைத்தரகரை அனுப்பிவிட்டு, எங்கள் எதிரிலேயே வேணுவுக்குப் போன் போட்டு அவகாசம் கேட்டார். வேணு திட்டினார், திட்டிக்கொண்டே சம்மதித்தார்.

தவறு எங்கே என்று ரேணுகாம்பாளே கண்டுபிடித்தார். இத்தனை நாளும் மெல்லிய தகட்டில் வேலை செய்து, ஓட்டை விழாமலிருக்கக் கரண்ட்டைக் குறைத்தே பழகிய கை அது. கனத்த தகட்டின் அடிவரை உருகி இறங்க அந்தச் சூடு போதாது. தினமும் மற்றவர்கள் வருமுன்னும் சாப்பாட்டு வேளையிலும் கழிவுத் தகட்டில் பற்றவைத்து, வைஸில் இறுக்கிச் சம்மட்டியால் அடித்து வளைத்துப் பார்த்தார். பிளந்தால் மறுபடியும். கரண்ட்டைக் கூட்டினார், தகடுகளுக்கிடையே விடும் இடைவெளியை மாற்றினார், கையின் வேகத்தை மாற்றினார். சாப்பாட்டு வேளையில் நாங்கள் டப்பாவைத் திறக்கும்போது அந்தச் சம்மட்டிச் சத்தம் கேட்கும். ஒரு நாள் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தோம். பட்டை முழுதாக வளைந்து கிடந்தது. அடிப்பக்கத்தில் கீறல்கூட இல்லை. ரேணுகாம்பாள் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

மறுதேர்வில் அதே தேர்வாளர். எந்திரம் பட்டையை இரு முனையும் எதிரெதிரே வரும்வரை மடித்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"இப்ப போடறேம்மா, சந்தோஷமா."

அந்த மாதமே வருகைப் பதிவில் 'ஹெல்பர்' போய் 'வெல்டர்' வந்தது. அதோடு அவர் ஓயவில்லை. எங்களையும் ஒவ்வொருவராக வேங்கிக்காலுக்கு விரட்டினார். "எனக்குப் படிப்பே வராதுக்கா" என்று பதுங்கிய அர்ஜுனனிடம், "வாயாலதானே கேக்கறாங்க? வாயால சொல்லு. கல்யாண வீட்டுல ஊரு நாயமெல்லாம் பேசற இல்ல?" என்றார். அர்ஜுனன் முதல் முறையிலேயே தேறி, அதை இன்றுவரை அக்காவிடம் சொல்லிக் காட்டுகிறார். இன்று இப்பட்டறையில் சான்றில்லாமல் ஹோல்டர் பிடிப்பவர் எவருமில்லை என்று நாங்கள் நிமிர்ந்து சொல்கிறோம் என்றால், அந்த நிமிர்வு அவர் தந்தது!

கீழ்பென்னாத்தூரில் அந்தப் பாய்லருக்கு முதன்முதலாகத் தீ மூட்டிய காலையைச் சொல்லி முடிக்கிறோம். சோதனைகள் எல்லாம் முறைப்படி முடிந்திருந்தன. இருந்தாலும், அதன் உருளையை வெல்டிங் செய்தது ஒரு பெண் என்று கேள்விப்பட்டு ஆலையில் பலருக்கும் ஒரு பயம். களத்தில் நெல் காயவைக்கும் பெண்கள் தூரத்திலேயே நின்றார்கள். அழுத்தமானியின் முள் மேலே ஏற ஏற, வேணுவும் மெல்லப் பின்னால் நகர்ந்தார். ரேணுகாம்பாள் நேரே பாய்லரிடம் போனார். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, உருளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புளிச்சோற்று டப்பாவைத் திறந்தார்.

களத்திலிருந்து ராஜம்மாள் என்பவர் குரல் கொடுத்தார்: "ஏம்மா, அங்க குந்திக்கினு துன்றியே, பயமா இல்லியா?"

"நான் செஞ்சதுக்கு நானே பயந்தா எப்பிடி? வா, உனக்கும் ரெண்டு வாய் இருக்குது."

ராஜம்மாள் முதலில் வந்தார். பிறகு மற்றவர்களும் வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆவி ஏறியது, நெல் வெந்தது.

அன்புக்குரிய அக்கா! இன்றும் அந்த ஆலை ஓடுகிறது. களத்துப் பெண்கள் மதியச் சோற்றை அந்த உருளையின் பக்கத்தில்தான் உண்கிறார்கள். ஒரு தொழிலாளிக்கு ஊர் தரக்கூடிய சான்றுகளில் இதைவிட உயர்ந்ததை நாங்கள் அறியோம். கண்ணொளி குன்றாமல், கைநடுக்கம் இல்லாமல், கணவரோடும் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் நெடுங்காலம் நலமாக நிறைவாக வாழ்வீராக! உங்களோடு வேலை செய்தோம் என்று சொல்லிக்கொள்ளும் பெருமை எங்களுடையது.

என்றென்றும் உங்கள் அன்பில்,
பட்டறைத் தோழர்கள், வெல்டர்கள் அனைவரும்,
திருவண்ணாமலை.