வலது காலின் உள்விளிம்பு

ஐஸ் ஸ்கேட்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், அக்கா. கால் வளரும் என்று ஒரு அளவு பெரிதாக எடுத்துவிடுவார்கள். நின்றால் பெருவிரல் முன்னால் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் குதிகால் கெட்டியாக உட்கார வேண்டும். குதிகால் ஆடினால் அடியில் எவ்வளவு நல்ல பிளேடு இருந்தும் பிரயோசனமில்லை.

நீ கேட்டது இது இல்லை. மஹதி எப்படி விழுந்தாள் என்று கேட்டாய். அவளுக்காக வேண்டிக்கொண்டு அம்மா மாதேஸ்வரன் மலைக்கு நடக்கப்போகிறாள் என்றாய். அம்மா நடக்க வேண்டாம். அதைச் சொல்லத்தான் பேசுகிறேன். நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. உட்கார முடியவில்லை, ரிங் ரோட்டில் நடந்துகொண்டே பேசுகிறேன். லாரிச் சத்தத்தில் எழுத்து தப்பாக விழுந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

எங்கள் ஐஸ் மைதானத்தில் ஹாக்கி ஆடும் பெண்களுக்கு மஹதிதான் கேப்டன். பத்தொன்பது வயது. ஜனவரியில் லடாக் போகும் மாநில அணியில் அவள் பெயர் இருந்தது. அவள் ஸ்கேட்ஸைக் கூர் தீட்டிக் கொடுத்துவந்தது நான்தான். இரண்டு வருடமாக எல்லாருடையதையும் நான்தான்.

பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நீளவாக்கில் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், அதன் இரண்டு கரையும் இரண்டு விளிம்பு. ஐஸைக் கடித்துப் பிடிப்பது அந்த விளிம்புகள்தான். எடை குறைந்தவர்களுக்குப் பள்ளத்தை ஆழமாக எடுப்பேன், கோல் காக்கிறவர்களுக்கு மேலோட்டமாக. இரண்டு கரையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கடைசியில் சின்னக் கல்லால் பிசிறு எடுத்துவிட்டு, விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் நகம் மாவாகச் சீவி வர வேண்டும். என் கட்டைவிரல் நகம் இரண்டு வருடமாக முழுதாக வளர்ந்ததே இல்லை. வேலை இல்லாத நேரத்திலும் பஸ் கம்பி, டம்ளர், கதவு என்று எதிலாவது இழுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஆகஸ்டில் ஒரு தானியங்கி மெஷின் வந்தது. ஸ்கேட்டை உள்ளே மாட்டிப் பட்டனை அழுத்தினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பட்டன் அழுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து குருபிரசாத் என்று ஒரு பையனைச் சேர்த்தார்கள். சிரித்துக்கொண்டே இருப்பான்.

"அண்ணா, இனிமே உங்க கல்லுல எங்கம்மாவோட அருவாமணைதான் தீட்டணும். கொண்டாரட்டுமா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

மேனேஜர் கணேசன் சார் சிரிக்கவில்லை. "மகேந்திரா, தசரா முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

"என்ன சார் பாக்கறது?"

"மெஷின் இருக்குதில்லப்பா. உனக்கே தெரியும், நான் வேற வாயத் தொறந்து சொல்லணுமா?"

அன்றைக்குத்தான் அம்மா போன் பண்ணி, "ஏஞ்சாமி, லிங்கப்ப மாமன் கேட்டாரு, எம்பையன் மெஷினெல்லாம் பாக்கறான், பெரிய வேலைன்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். நான் ஆமாம் என்றேன்.

மெஷின் கெட்டது இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். அது நன்றாகவே தீட்டியது, அதுதான் சிக்கல். மெஷின் தீட்டிய வாடகை ஸ்கேட்ஸ் சிலவற்றில் முதலில் விளிம்பைக் கல்லால் மழுக்கிப் பார்த்தேன். வாடகைக்கு எடுக்கிறவர்கள் எப்படியும் விழுவார்கள். விழுந்து, சிரித்து, செல்ஃபி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். யாரும் மெஷினைக் குறை சொல்லவில்லை. அப்போதுதான் புரிந்தது, விழாத ஒருத்தர் விழுந்தால்தான் கேள்வி வரும்.

எங்கள் மைதானத்தில் விழாதவள் ஒருத்திதான்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அக்கா. சொல்லப்போனால் எனக்காகப் பேசியது அவள் மட்டும்தான். "மெஷின் நன்னாத்தான் இருக்கு சார், ஆனா மகேந்திரன் அண்ணா கை மாதிரி வராது" என்று கணேசன் சாரிடமே சொன்னாள். வாயால் சொன்னதில் ஒன்றும் நடக்கவில்லை.

மஹதியை ஏமாற்றுவது சுலபமில்லை. யார் தீட்டினாலும் போட்டுக்கொள்ளும் முன் நகத்தால் இழுத்துப் பார்த்துவிடுவாள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அதனால் ஆயுத பூஜை வரைக்கும் பொறுத்திருந்தேன்.

ஆயுத பூஜையன்று காலையில் மெஷின், என் சாணைக்கல், ஹாக்கி மட்டைகள், குருபிரசாத் முதல் நாள் தீட்டி வைத்திருந்த அணியின் ஸ்கேட்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பூசணிக்காய் உடைத்தோம். பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் அரண்மனைப் பக்கம் யானை பார்க்கக் கிளம்பினார்கள். அறையைப் பூட்டும் வேலையை நான் வாங்கிக்கொண்டேன்.

மஹதியின் வலது ஸ்கேட்டை எடுத்தேன். உள்விளிம்பில், நடுவில், நான்கு விரல் நீளம் கல்லால் இழுத்தேன். பன்னிரண்டு இழுப்பு. இடப்பக்கம் வளையும்போது முழு எடையும் அந்த இடத்தில்தான் இறங்கும். நகத்தை வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போனது. துணியால் துடைத்தேன். அழிந்த சந்தனத்தைத் திரும்பக் குழைத்து அதே இடத்தில், விளிம்பையும் மூடுகிற மாதிரி வைத்து, மேலே குங்குமம் இட்டேன். சாமி கும்பிட்டுவிட்டுப் பூட்டினேன்.

விஜயதசமி காலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முன்னால் கேப்டன் ஒரு சுற்று வேகமாகப் போய்க் காட்டுவது எங்கள் வழக்கம். மஹதி ஸ்கேட்டைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் விளிம்புப் பக்கம் போனது. குங்குமத்தைப் பார்த்ததும் விரலை எடுத்துவிட்டாள். அதைச் சுரண்டுவாளா? கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டாள். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். கயிறு இறுக்கிக் கட்டியிருக்கிறதா என்றுகூடப் பார்த்துக் கொடுத்தேன்.

முதல் இரண்டு அடியிலேயே சந்தனம் உதிர்ந்திருக்கும். மூன்றாவது வளைவில் கால் விலகிப் போய், இடுப்போடு தடுப்புப் பலகையில் மோதினாள். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. அதை நான் முன்பே யோசித்திருந்தேன். முதல் நாள் ஹெல்மெட்டின் திருகுகளையெல்லாம் முடுக்கி வைத்ததும் நான்தான். தொடை எலும்பு இடுப்புப் பக்கம் உடையும் என்று நினைக்கவில்லை. கொஞ்சம் சுளுக்கும், ஒரு வாரம் பேச்சு ஓடும் என்றுதான் கணக்குப் போட்டேன்.

கணேசன் சார் ஸ்கேட்டை எடுத்து விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. என்னிடம் நீட்டினார். நானும் இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினேன்.

"தாயாணை சார், பட்டன மட்டுந்தான் அமுக்கினேன். வேற ஒண்ணும் தொடல சார்" என்று குருபிரசாத் அழுதான்.

"அதாண்டா தப்பு. பட்டன அமுக்கிட்டுப் போனயே, ஒரு தடவ தொட்டுப் பாத்தயா?" என்றார் சார்.

சாயங்காலமே அவனை அனுப்பிவிட்டார்கள். அவனுக்கு ஊர் பக்கம்தான், பஸ் ஏறினால் அரை மணி. எனக்கு நம் ஊர் ராமாபுரம் அப்படியா, சொல். மெஷின் மேல் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

மஹதிக்குக் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாளாம், ஆட்டம் சந்தேகம் என்றாராம் டாக்டர். நான்கு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். நேற்று அவளே கேட்டாள்: "அண்ணா, நான் திரும்ப ஐஸ்ல ஏறுவேனோ மாட்டேனோ, என் ஸ்கேட்ஸை மாத்ரம் துருப்பிடிக்க விடாதேள்."

எடுத்து வந்துவிட்டேன். பிளேடைத் துடைத்து, எண்ணெய் தடவி, துணி உறை போட்டு என் பெட்டியில் வைத்திருக்கிறேன். அந்த விளிம்பையும் சரிசெய்துவிட்டேன், இப்போது நகம் மாவாகச் சீவுகிறது. அம்மாவிடம் எதை எப்படிச் சொல்ல வேண்டுமோ நீயே சொல்லிக்கொள். ஸ்கேட்ஸை மைதானத்திலேயே வைத்துவிடு என்று கணேசன் சார் சொல்கிறார். நான் கொடுக்கவில்லை. அங்கே யார் யாரோ வந்து போகிறார்கள், அக்கா, அவள் பொருளை யாரையும் நம்பி விட முடியாது.