'நைஸ்' ஆய்வும் எடுத்துக்காட்டு இருநூற்றுப் பதினான்கும்

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் பூர்ணா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேராசிரியரின் துணைவியார் அனுசூயா அம்மா அவர்களே, நம் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வீடுகளின் மாடிப்படிகளை எல்லாம் இறங்கி வந்து இந்த நிலவறை மண்டபத்தை நிறைத்திருக்கும் சொந்தங்களே, வணக்கம்!

நம் பேராசிரியர் மணிவாசகம் மறைந்துவிட்டார். அவருடைய சனிக்கிழமை ஆங்கில வகுப்புக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராக இருந்த சிவநேசம் நான். புகழ்ந்து பேசச் சொன்னார்கள். முயல்கிறேன்.

எத்தகைய அறிஞர்! சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ கல்லூரியில் மண்ணியல் கற்பித்தவர், ஓய்வுபெற்ற பின் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தோண்டத் தொடங்கினார். நைஸ்! தேநீருக்கும் சேலைக்கும் வெயிலுக்கும் நாம் சொல்கிறோமே, அதே நைஸ். லத்தீனில் 'ஒன்றும் அறியாதவன்' என்ற சொல்லிலிருந்து பிறந்ததாம். பழைய பிரெஞ்சில் முட்டாள். ஆங்கிலத்துக்கு வந்து, எதிலும் குறை காண்பவன் ஆகி, நுணுக்கம் ஆகி, கடைசியில்தான் 'நல்ல' என்று ஆனதாம். இதை அவர் யாருக்குத்தான் சொல்லவில்லை? டெப்பனர் என்னும் மூலைக்கடையில் நிற்கும் பிரெஞ்சுக்காரப் பெண் செலீன் பாலை எடுத்துக் கொடுத்து, பாதி பிரெஞ்சில் "செ நைஸ்", 'இது நைஸ்' என்றாள். முக்கால் மணி நேரம் விளக்கினார். அதன்பிறகு அவரைக் கண்டால் அவள் "போஞ்சூர்" என்று வணக்கம்கூடச் சொல்வதில்லை.

வகுப்பில் அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் எழுந்து நிற்க வேண்டும். துறைமுகக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு வந்த அரியரத்தினம் அண்ணையை இரண்டு மணி நேரம் நிற்கவைத்தார். அண்ணை அதன்பின் வகுப்புக்கு வரவில்லை. இன்றும் வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், அதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் புஷ்பராணி அக்கா, மன்னாரில் இருந்த கணவர் செபமாலையை இங்கே அழைக்க மனுப் போட்டார். குடிவரவு அலுவலகம் மறுத்துவிட்டது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. தன் கையாலேயே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி, திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தார். 'என் கணவர் நைஸ் மனிதர்' என்று அதில் ஒரு வரி.

"இந்த வார்த்தையோட இது போகக் கூடாதும்மா. அடுத்த வாரம் வாங்க" என்றார் பேராசிரியர்.

"சேர், கெடு முடியப் போகுது. அவர் நல்ல மனுசன் எண்டு விளங்கினால் காணும்."

"விளங்கினா போதாது. சரியா இருக்கணும்."

அடுத்த வாரம் வாங்க. அடுத்த வாரம் வாங்க! ஐந்தாம் சனிக்கிழமை கடிதம் கைக்கு வந்தது. என்ன ஆங்கிலம்! ஓர் எழுத்துப் பிழை உண்டா? கூடவே, அந்தச் சொல்லின் வரலாறு பதினொரு பக்கம். கெடு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு பக்கத்தையும் தட்டச்சு செய்தவன் யார்? நான்தான். கெடு எனக்கும் தெரியும். வாய் திறக்கவில்லை. பேராசிரியரை எதிர்த்துப் பேச எனக்குப் பயம்.

செபமாலை அண்ணை இங்கே வந்து சேரவே இல்லை. போன ஆண்டு மன்னாரில் காலமானார். அக்கா அவருடைய அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தார். பேராசிரியர் ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டாரா? "சட்டத்துக்குத்தான் பொறுமை இல்லை" என்றார்.

போன வாரம் அனுசூயா அம்மா, 'நைஸ்' பற்றிப் பேராசிரியர் எழுதி முடிக்காமல் விட்ட நூலின் கையெழுத்துப் படியை என்னிடம் தந்து, "நீங்கதான் முடிச்சுக் கொடுக்கணும், சிவநேசம்" என்று அழுதார். படித்தேன். எடுத்துக்காட்டு இருநூற்றுப் பதினான்கு: அக்காவின் அதே வரி. அக்கா தன் கையால் எழுதிய தாளிலிருந்தே வெட்டி ஒட்டியிருந்தது. பக்கத்தில் சிவப்பு மையில், 'படிப்பில்லாதவர்களின் பிழை'.

பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்ல வேண்டிய இடம் இது. அம்மா, மன்னியுங்கள், இந்த நூலை நான் முடிக்க மாட்டேன். சனிக்கிழமை வகுப்பு நடக்கும். யார் கடிதம் கொண்டுவந்தாலும், பிழை இருந்தால் பிழையோடேயே, அன்றைக்கே தபாலில் போகும். இது என் உறுதி.

புஷ்பராணி அக்கா, அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறன். வந்து வாங்குங்கோ. நீங்கள் எழுதினதில ஒரு பிழையும் இல்லை. பிழை விட்டது நாங்கள் ரெண்டு பேர். ஒருத்தர் செத்துப் போனார்.