ஏசி அறையின் சந்துகளை அடைத்தது பற்றி சந்திரா சொன்னது

பெயர் சந்திரா, வயது 47, கணவர் காலஞ்சென்ற பெருமாள், இருப்பிடம் ஆம்பூர் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மாடி வீடு, தொழில் ஷூ கம்பெனியில் பேஸ்டிங் செக்சனில் தோலுக்குப் பசை தடவி ஒட்டுவது, பத்தொன்பது வருடமாக. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகவே இன்று செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் காவல் நிலையம் வந்து உதவி ஆய்வாளர் முன்னிலையில் சொல்வதாவது.

என் மகன் சம்பத் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான். மருமகள் சௌந்தர்யாவுக்கு இது எட்டாவது மாதம். வளைகாப்பு முடிந்தும் அவள் தாய்வீடு போகவில்லை, அவளுக்குத் தாய் இல்லை, நெமிலியில் அண்ணன் பிரேம்குமார் மட்டும்தான். பிரசவம் வரை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் பழைய ஜன்னல் ஏசி ஒன்று இருந்தது. குளிர் கம்மி, கரண்டு ஜாஸ்தி. போன கோடையில் மின் கட்டணத்தைப் பார்த்துவிட்டு ரீடிங் எடுக்க வந்தவரிடமே சண்டை போட்டேன், அவர் பாவம், தண்ணீர் கூடக் குடிக்காமல் போய்விட்டார். அதன் பிறகு இந்த மே மாதம் முதல் வாரத்தில், கரண்டு கம்மியாக இழுக்கும் ஐந்து ஸ்டார் ஏசி வாங்கினோம். அதை மாட்ட வந்தவர்தான் இந்த வழக்கில் விசாரிக்கப்படும் ஏசி மெக்கானிக் ஆல்வின், வயது 28 இருக்கும்.

அவர் அறையை டேப்பால் அளந்து பார்த்து, இதற்கு ஒரு டன் போதும் என்றார். இருபத்தாறில் வைத்து மெதுவாக ஃபேன் போடச் சொன்னார், மொட்டை மாடியில் வெள்ளை அடிக்கச் சொன்னார், ஜன்னலுக்குக் கனமான திரை போடச் சொன்னார். அதன் பிறகு கதவுக்கு அடியில் கையை விட்டுக் காட்டி, "ஜில்லு பூரா இங்கதான் ஓடிப்போவுது ஆன்ட்டி. கடையில ஸ்பாஞ்ச் டேப் விக்கிது, வாங்கி ஒட்டுங்க. கரண்டு இன்னும் கம்மியாவும்" என்றார். டேப் என்றுதான் சொன்னார். வேறு எதையும் சொல்லவில்லை. கிளம்பும்போது, "எங்கம்மாவும் பேஸ்டிங்தான், உங்க வீட்டு வாசன எங்க வீட்டு வாசன மாதிரியே இருக்கு" என்று சிரித்தார்.

ஒட்டுவதற்கு நான் கடையில் டேப் வாங்குவதா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாடு நாடாகப் போகிற ஷூவை ஒட்டுகிறவள் ஒரு கதவை ஒட்ட மாட்டேனா. போன சனிக்கிழமை வேலை முடிந்ததும் கழித்துப் போட்ட தோல் துண்டுகளைச் சாப்பாட்டுப் பையின் அடியிலும், சொல்யூசன் என்று நாங்கள் சொல்லும் கம்பெனிப் பசையை ரசம் கொண்டுபோன மூடி போட்ட கிண்ணத்திலும் எடுத்து வந்தேன். கேட்டில் பையைப் பார்ப்பார்கள், சாப்பாட்டுக் கிண்ணத்தைத் திறக்க மாட்டார்கள். அனுமதி இல்லாமல் எதை எடுத்தாலும் வேலை போய்விடும், அது எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கதவைச் சுற்றியும், ஜன்னல் இடுக்கிலும், மேலே காற்றுப் போகிற துவாரத்திலும் சொல்யூசனை இரண்டு பூச்சாகத் தடவித் தோலை ஒட்டினேன். ஒரு நூல் இடைவெளி விடவில்லை. பதினோரு மணிக்கு சௌந்தர்யாவை உள்ளே படுக்க வைத்து, ஏசி போட்டு, கதவைச் சாத்தினேன். எனக்கு ஒரு நெடியும் தெரியவில்லை. பத்தொன்பது வருடத்தில் என் மூக்குக்கு அந்த நெடி செத்துப்போய்விட்டது. அதன் பிறகு குழம்பு வைத்துவிட்டு ஒரு மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன், அவள் எழுந்திருக்கவில்லை. வாயோரம் வாந்தி இருந்தது. பக்கத்து வீட்டு சகீனா ஓடி வந்து, உள்ளே நிற்க முடியாமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இருவரும் தூக்கி வெளியே போட்டு 108-க்குப் போன் செய்தோம்.

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்ல பெயிண்ட், பசை எதுனா யூஸ் பண்ணீங்களாம்மா?" என்று கேட்டார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. இல்லை என்றேன். அங்கே வந்த பிரேம்குமார், புது ஏசியில் கேஸ் கசிந்திருக்கிறது என்று ஆல்வின் மீது புகார் கொடுத்தார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று திங்கட்கிழமை ஆல்வினை விசாரணைக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். கேஸ் கசியவில்லை என்று அவர் மீட்டர் வைத்துக் காட்டியும் பிரேம்குமார் நம்பவில்லை. அதன் பிறகு ஆல்வின் கதவருகே குனிந்தார், ஒட்டியிருந்த தோலை விரலால் தொட்டு முகர்ந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போலீசாருடன் கீழே இறங்கிவிட்டார். சொன்னால் என் வேலை போய்விடும் என்கிற கேட் சட்டம் பேஸ்டிங்காரி மகனுக்குத் தெரியாதா.

அதன் பிறகு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். சௌந்தர்யா கண் விழித்திருந்தாள். நெடி வந்திருக்குமே, ஏன் கதவைத் திறக்கவில்லை என்று கேட்டேன். "வந்துச்சி அத்த. நீங்க வேலைக்குப் போய்ட்டு வந்தா வர்ற வாசனதான்னு இருந்துட்டேன். சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமேன்னு சொல்லல" என்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் என் மேல் அந்த வாசனையைப் பொறுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

ஆகவே ஏசியில் குறை இல்லை, ஆல்வின் மீது குற்றம் இல்லை. கதவில் இருந்த தோலை இன்று விடியற்காலை நானே பிய்த்து, கிண்ணத்தோடு இங்கே ஒப்படைக்கிறேன். கம்பெனிக்கு இதைத் தெரிவித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். "தெரியாமல் நடந்துவிட்டது" என்று இருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ஒட்டியது தெரியாமல், ஆல்வின் மீது பழி விழ விட்டது தெரிந்தே என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இப்போது எல்லாம் நான் சொன்னபடியே சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
பெ. சந்திரா