ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில் கலர்

— கலரு நான் போடல சார். டைப் அடிச்சா அதுவா வருது.

— அதுவா வருதா? மதுராந்தகத்துலேர்ந்து எக்ஸ்டர்னலா வந்தவன்கிட்டயே கதையா? இருபது வருசமா பிராக்டிகல் எக்ஸாம் எடுக்கறேன், புரியுதா? இருபத்தொம்பது பேரு புரோகிராம் கறுப்பா இருக்கு. பிரியங்கா, உனக்கு மட்டும் நீலம், பச்சை. ரெஜினா, லேப் அசிஸ்டென்டுன்னு நீ எதுக்கும்மா இருக்க?

— இன்னா சார் பண்றது, இந்த ஏழாம் நம்பர் காலைல படுத்துகிச்சு. நான்தான் புரோகிராம் அடிக்க வேற எடிட்டர் போட்டேன். போட்டவொடனே கலரும் சேந்து வந்துகினு கீது.

— வந்தா அணைக்கணும். "இஃப்"னு சரியா அடிச்சா நீலமாவுது, தப்பா அடிச்சா ஆவல. அப்ப மெஷினே பக்கத்துல உக்காந்து விடை சொல்லிக் குடுக்குது. இது காப்பி, புரியுதா? மால்பிராக்டிஸ் ஃபாரத்த எடு.

— சார், அதுல என் நம்பர எழுதினா டிகிரி நின்னுடும். சிறுசேரில வேலைக்கு அடுத்த மாசம் சேரச் சொல்லிட்டாங்க. எங்கப்பா முட்டுக்காட்டுல குப்பம் முழுக்க பிரியாணிக்கு சொல்லிட்டாரு.

— அப்பா என்ன பண்றாரு?

— படகு சார். அதுக்கும் கலர்தான் அடிச்சிருக்காரு. அதுக்காவ மீனு தானா வந்து வுழுமா? வலைய நாங்கதான போடணும்.

— ஆமா சார், பொண்ணு கரெக்டாதான் சொல்லுது.

— ரெஜினா, நீ சும்மா இரு. கேக்காம வர்ற கலரு பசங்கள சோம்பேறி ஆக்கும். வேணும்னா கேட்டு வாங்கிக்கட்டும்.

— இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாதவங்க எப்படி சார் கேப்பாங்க? நமக்காவ நடுவுல எழுதி வெக்கிற குறிப்பு, அந்தக் கமெண்ட்டு பச்சை, மெஷின் அதைப் படிக்காது. மத்தது வேற கலரு. கண்ணுக்கு ஒரு ஒத்தாச, அவ்ளோதான். யோசிக்கிறது நான்தான் சார்.

— நாங்க எல்லாம் கறுப்புலயே எழுதிப் பழகினவங்க. ரெஜினா, கலர அணை. தள்ளும்மா, நான் கொண்டாந்த மாதிரி விடையையே அடிச்சுக் காட்டறேன். நாலு வரிக்கு ஒரு கமெண்ட்டு எழுதணும், புரியுதா? அது ஒழுக்கம்... ஆச்சு, ரெஜினா. ஓட விடு.

— ஓடுது சார். ஆனா விடை ஒண்ணும் வர்ல.

— வராம எங்க போவும்? திருப்பி ஓட விடு.

— மூணு வாட்டி வுட்டாச்சு சார். எர்ரரும் இல்ல, விடையும் இல்ல.

— கோவிச்சுக்காதீங்க சார். எதோ ஒரு கமெண்ட்ட மூடாம விட்டிருப்பீங்க. அதுக்குக் கீழ, அடுத்த கமெண்ட்டு மூடற வரைக்கும் இருக்கிறத எல்லாம் மெஷின் வெறும் குறிப்புன்னு தாண்டிப் போவுது.

— எந்தக் கமெண்ட்டு?

— எட்டு கமெண்ட்டு இருக்கு சார். எல்லாம் கறுப்பு. எனக்கும் தெரியல.

— இரு, இரு. நானே பாக்கறேன்.

— சார், கால் மணி நேரமாவுது. பசங்க எல்லாம் எழுதி முடிச்சிட்டு குந்திகினு இருக்காங்கோ. ஃபாரத்துல நம்பர எழுதட்டுமா?

— அத மேஜைக்குள்ள வை ரெஜினா. வெச்சிட்டு பசங்க யாரும் பாக்காத மாதிரி இப்படி மறைச்சு நில்லு. பிரியங்கா, அந்தக் கலர ஒரு நிமிசம் போட்டு வுடும்மா.